குமரிமுனையோடு திரும்பிப் போகிறவர்கள்: மாவட்ட ஆட்சியருக்கும் சுற்றுலாத் துறைக்கும் ஒரு திறந்த மடல்

கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், சுற்றுலாத் துறை அலுவலர்களுக்கும், நாகர்கோவிலில் விடுதியும் வாடகைக் காரும் நடத்துகிறவர்களுக்கும் வணக்கம்.

குமரிமுனைக்கு வரும் வெளிநாட்டவர் பலரும் சாயங்காலம் வந்து இறங்குகிறார்கள். அஸ்தமனம், மறுநாள் உதயம், படகு, விவேகானந்தர் பாறை, 2024 டிசம்பர் கடைசியில் திறந்த கண்ணாடிப் பாலம் என்று பார்த்து முடித்து, மத்தியானமே திருவனந்தபுரத்துக்கோ மதுரைக்கோ கிளம்பிவிடுகிறார்கள். இருபது கிலோமீட்டரில் இருக்கும் நாகர்கோவில் அவர்களுக்கு ரயில் ஜன்னலில் கடந்து போகும் ஒரு பெயர்ப்பலகைதான். மாவட்டத்தின் சாப்பாடும் சந்தையும் கோவிலும் கோட்டையும் அந்தப் பலகைக்கு இரண்டு பக்கமும் விரிந்து கிடக்கின்றன.

இதற்காகப் புதுக் கட்டடமோ செல்ஃபி மேடையோ நாங்கள் கேட்கவில்லை. கேட்பது ஒரு தாள். இரண்டு பக்கத்தில் அடங்கும் நேரத்தாள். தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய மொழிகளில் அச்சிட்டு ரயில் நிலையங்களிலும், வடசேரி பேருந்து நிலையத்திலும், விடுதி வரவேற்பு மேசைகளிலும் வைத்தால் போதும். இங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் உண்டு. அது தப்பினால் விருந்தினர் பார்ப்பது பூட்டிய கதவு, கழுவிவிட்ட சந்தை, தீர்ந்துபோன பலகாரம். ‘அங்கே ஒன்றுமில்லை’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். உண்மையில் அவர்கள் தவறான மணிக்கு வந்தவர்கள்.

முதலில் வந்து சேரும் வழி. நாகர்கோவிலில் ஜங்ஷன், டவுன் என்று இரண்டு ரயில் நிலையங்கள். திருவனந்தபுரம் பக்கமிருந்து திருநெல்வேலி நோக்கிப் போகும் சில வண்டிகள் ஜங்ஷனுக்குள் வராமல் டவுன் வழியாகவே போய்விடும். ஒரு நிலையத்தில் இறங்க வேண்டியவருக்காக விடுதி கார் இன்னொரு நிலையத்தில் காத்திருப்பது அடிக்கடி நடக்கிறது. பயணச்சீட்டில் எந்த நிலையம் என்று விடுதிக்காரர் முதல் நாளே கேட்டுவிட்டால் தீர்ந்தது. பேருந்தும் அப்படித்தான். வெளியூர் வண்டிகளுக்கு வடசேரி, டவுன் பஸ்களுக்கு மீனாட்சிபுரம் அண்ணா பேருந்து நிலையம். இரண்டையும் ஒரே வரைபடத்தில் குறித்துக் கொடுங்கள்.

தங்கும் இடத்தில் வரும் சிக்கல் வேறு. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையம் வழியாக விவரம் அனுப்ப வேண்டும். விடுதிக்காரர்கள் ‘சி பாரம்’ என்று சொல்வது இதைத்தான். எப்படிச் செய்வது என்று தெரியாத சிறு விடுதிகள், அறை இருந்தும் ‘ஃபுல்’ என்று சொல்லி அனுப்பிவிடுகின்றன. வந்த பயணிகள் குமரிமுனையின் பெரிய ஓட்டல்களுக்கே திரும்பிப் போகிறார்கள். அதற்கென்று கணக்குத் திறப்பது, பாஸ்போர்ட் முதல் பக்கத்தையும் விசாவையும் படமெடுத்து ஏற்றுவது, வந்த நாளும் போகும் நாளும் பதிவது: வேலை இவ்வளவே. அரை நாள் பயிற்சி ஒன்றை நிர்வாகம் நடத்தினால் நாகர்கோவிலில் இவர்கள் தங்கக்கூடிய அறைகளின் எண்ணிக்கை அடுத்த வாரமே கூடும். எங்கள் கோரிக்கைகளில் செலவு குறைந்ததும் பலன் அதிகமானதும் இதுதான்.

இனி நேரம். காலையில் கோவில், உச்சிக்குள் அரண்மனை, வெயில் தாழ்ந்தபின் மலை. இந்த வரிசையை ஓட்டுநர்கள் மாற்றக் கூடாது.

பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் காலை 9 மணிக்குத் திறந்து, 1 முதல் 2 வரை மூடி, மாலை நாலரைக்கு முடித்துக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டு விடுமுறைப் பட்டியலை நம்பிப் போனால் ஏமாறுவோம், கேரளத்தின் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும். ஒன்பதரைக்கு உள்ளே போனவருக்கு மந்திரசாலையின் (மன்னரின் ஆலோசனை மண்டபம்) நிற மைக்காத் தகடு பதித்த ஜன்னல்களில் வெளிச்சம் விழுவது கிடைக்கும். பூமுகம் என்னும் முகப்பு மண்டபத்தின் விதானத்தில் ஒன்றுபோல் ஒன்றில்லாமல் செதுக்கிய மரப்பூக்களையும், அரண்மனையின் பழைய பகுதியான தாய்க்கொட்டாரத்தின் பலாமரத் தூணையும் கூட்டமில்லாமல் நின்று பார்க்கலாம். பன்னிரண்டரைக்கு வந்தால் முதுகில் கைவைத்துத் தள்ளாத குறையாக வெளியே வர வேண்டியிருக்கும். செருப்பை வாசலில் விடவேண்டும். வெயில் காலத்தில் முற்றத்துக் கல் சுடும் என்பதால் ஒரு ஜோடி காலுறை கொண்டுவரச் சொல்லுங்கள்.

கோவில்களில் மத்தியானம் நடை சாத்தினால் சாயங்காலம் 5 மணிவாக்கில்தான் திறப்பார்கள். சுசீந்திரம் தாணுமாலயன் கோவிலுக்கு ஏழு, எட்டு மணிக்குள் போய்விடுவது நல்லது. ஒற்றைக் கல்லில் கடைந்த இசைத்தூண்களும் 18 அடி அனுமனும் நிதானமாகப் பார்க்க வேண்டியவை. ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும் என்பதை வாசலுக்கு வந்தபின் சொன்னால் பலர் கூச்சப்பட்டுத் திரும்பிவிடுகிறார்கள். காரில் ஏறும்போதே சொல்லி, தோளில் போட ஒரு துண்டு கொடுத்துவிடுங்கள். கோவிலுக்குக் கோவில் எதுவரை இந்து அல்லாதவர் வரலாம் என்பதை வாசலிலேயே தெளிவாக எழுதி வையுங்கள். உள்ளே போனபின் தடுத்து நிறுத்துவது இரு பக்கத்துக்கும் மனவருத்தம். இந்தக் கோவில் தெருக்களில் எல்லாரும் நடக்க வேண்டும் என்று 1926இல் சத்தியாகிரகம் நடந்ததையும், 1936 நவம்பரில் திருவிதாங்கூர் கோவில் நுழைவுப் பிரகடனம் வந்ததையும் வழிகாட்டிகள் சொல்லியாக வேண்டும். சிற்பத்தை மட்டும் காட்டி அதை விட்டுவிடுவது பாதி உண்மை.

அதே காரணத்தால் சாமிதோப்பைத் தாளில் சேர்க்கச் சொல்கிறோம். அய்யாவழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டரின் தலைமைப் பதி, அதாவது வழிபாட்டு இடம், அது. பள்ளியறையில் சிலை இல்லை, கண்ணாடி இருக்கிறது. ஆண்கள் மேற்சட்டை இல்லாமல், தலைப்பாகை கட்டிக்கொண்டு உள்ளே போகிறார்கள். தலையில் துணி கட்டவும் முட்டுக்குக் கீழே வேட்டி கட்டவும் சிலருக்கு உரிமை மறுக்கப்பட்ட காலத்தில் பிறந்த வழக்கம் அது. சாதி, மதம் கேட்காமல் உள்ளே விடுகிறார்கள். தலைப்பாகை கட்டத் தெரியாதவருக்கு அங்கிருப்பவர்களே கட்டிவிடுவார்கள்.

ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு நாள் பயணமாகவே தரக்கூடிய வரலாறு நம்மிடம் இருக்கிறது, அதை யாரும் ஒரு கோட்டில் கோத்துக் காட்டுவதில்லை. 1741இல் குளச்சலில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றது. பிடிபட்டவர்களில் ஒருவரான டிலனாய் பின்னாளில் அதே மன்னரின் படைத்தலைவராகி, ‘வலிய கப்பித்தான்’ என்று பெயர் பெற்று, 1777இல் இறந்து, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமானார். கல்லறைக் கல்லில் லத்தீனும் தமிழும் இருக்கின்றன. அவர் வழியாகக் கிறிஸ்தவம் அறிந்தவர் அரண்மனை அலுவலர் நீலகண்ட பிள்ளை. 1745இல் தேவசகாயமாகத் திருமுழுக்குப் பெற்று, 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15இல் வத்திக்கான் அவரைப் புனிதராக அறிவித்தது. அவர் கல்லறை கோட்டாறு சவேரியார் பேராலயத்தில். குளச்சல் கடற்கரை வெற்றித்தூண், உதயகிரி, பத்மநாபபுரம், கோட்டாறு, காற்றாடிமலை என்று இந்த வரிசையில் போனால் மேற்கிலிருந்து கிழக்காக, அதிகம் திரும்பி வராமல், ஒரே நாளில் முடியும். காலை ஏழரைக்குக் குளச்சலில் தொடங்க வேண்டும். பிந்தினால் அரண்மனையின் மதிய இடைவேளை குறுக்கே வரும்.

உதயகிரிக் கோட்டையைப் பல ஓட்டுநர்கள் பூங்கா என்று மட்டுமே அறிந்திருக்கிறார்கள். கல்லறை உள்ளே சற்றுத் தள்ளி, இடிந்த தேவாலயச் சுவர்களுக்குள் இருக்கிறது. வாசலிலிருந்து அம்புக்குறிப் பலகைகள் வேண்டும்.

சிதறால் மலைக்கு மார்த்தாண்டத்திலிருந்து கார். பிறகு கல் பாவிய பாதையில் இருபது நிமிட ஏற்றம். மேலே தொங்கும் பாறையின் அடியில் 9ஆம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள், பின்னாளில் பகவதி கோவிலான குகை. நடுப்பகலில் பாறை அனலாகும், மூன்றரைக்கு மேல்தான் ஏற்றம். மேலே கடை கிடையாது, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்துப் போக வேண்டும். 1966இல் கட்டிய மாத்தூர் தொட்டிப்பாலம் பக்கத்தில்தான். 28 தூண்கள், 115 அடி உயரம். உயரத்துக்குப் பயப்படுகிறவரைக் கீழே ஆற்றங்கரை வழியாகக் கூட்டிப்போங்கள், தூண்களின் அழகு அங்கிருந்துதான் தெரியும். இரண்டையும் ஒரு பிற்பகலில் பார்ப்பதென்றால் பாலம் முதலில், மலை பிறகு.

தோவாளைப் பூச்சந்தை விடியுமுன் சூடுபிடிக்கும். ஐந்து மணிக்கு அங்கே நிற்க வேண்டும், ஏழரைக்கு மேல் ஓலைக்கூடையும் ஈரத்தரையும்தான். ஓணத்துக்கு முந்தைய வாரம் கேரளத்துக்குப் பூ போகும் வேகத்தில் கால் வைக்க இடமிருக்காது. அந்த வாரம் சுமை தூக்குகிறவர்களின் வழியை மறித்துப் படமெடுக்காமல் ஓரமாக நிற்கச் சொல்லுங்கள். செவ்வரளி, வெள்ளரளி, நொச்சி இலை கொண்டு துணிபோலத் தட்டையாகக் கட்டும் மாணிக்கமாலை 2025இல் புவிசார் குறியீடு பெற்றது. கட்டுகிறவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கட்டுகிறார்கள். பார்க்க விரும்புகிறவர்கள் முன்கூட்டிச் சொல்லி, ஒரு மாலைக்கு உரிய கூலியைக் கொடுத்துக் கட்டச் சொல்லிப் பார்க்கட்டும். சும்மா நின்று அரை மணி நேரம் கேள்வி கேட்பது அவர்கள் பிழைப்பைக் கெடுப்பது.

சாப்பாடுதான் எங்களுக்கு அதிகக் கவலை. ‘வெளிநாட்டுக்காரர் காரம் தாங்கமாட்டார்’ என்று நூடுல்ஸும் பிரெட் டோஸ்டும் கொடுக்கிறோம். நம் ஊர்ச் சாப்பாட்டிலேயே காரமில்லாதவை வரிசையாக இருக்கின்றன: புட்டும் பயறும் பப்படமும், புட்டும் மட்டிப்பழமும், இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், ஆப்பம், கஞ்சி, ஓலன், மோர்க்குழம்பு போன்ற புளிசேரி. முதல் நாள் இவை. இரண்டாம் நாள் அவியலும் எரிசேரியும். மூன்றாவதாகத்தான் தீயலும் மீன் குழம்பும். இந்தப் படியில் போனால் வயிறும் நாக்கும் பழகிவிடும்.

தீயலைப் பார்த்துக் கரிந்துவிட்டதென்று ஒதுக்கிவைக்கிறார்கள். பரிமாறுமுன் சொல்லிவிட வேண்டும். தேங்காய்த் துருவலோடு கொத்தமல்லியும் வற்றலும் சேர்த்து, சிறு தீயில், கை விடாமல், காப்பிக்கொட்டை நிறம் வரும்வரை வறுத்து, எண்ணெய் விடும் பதத்துக்கு அரைத்து, புளிக்கரைசலில் சின்ன உள்ளியோடு (சின்ன வெங்காயம்) கொதிக்க வைப்பது அது. தீ கூடினால் தேங்காயின் வெளிப்பக்கம் கருகி உள்ளே பச்சையாக நின்று கசக்கும். கசப்பு வந்த தீயலை வெல்லம் போட்டுச் சரிக்கட்டிப் பரிமாறும் உணவகத்தை நேரத்தாளில் சேர்க்காதீர்கள்.

மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன் குழம்பும் கேட்டு வருகிறவர்களுக்குச் சமைக்கக் கற்றுக்கொடுக்கும் வீடுகள் ஒன்றை விடக்கூடாது: கிழங்கை நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கட்டாயம் வடித்துக் கொட்ட வேண்டும். கிழங்கில் சயனைடு சேர்மம் உண்டு, அது வெளியேற வேண்டிய வழி அதுதான். நம் வீடுகளில் கேட்காமலே செய்வதை, ஊருக்குப் போய்ச் செய்து பார்க்கப்போகிறவருக்கு வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

மீனுக்கும் பருவம் உண்டு. இந்த மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம். சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம் பக்கம் மேற்குக் கடற்கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் போகாது. ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் மீன் வரும். இரண்டும் சேர்ந்து அடையும் ஜூன் முதல் இரண்டு வாரம் வள்ளத்திலும் கட்டுமரத்திலும் வரும் மீன்தான், சாளையோ நெத்திலியோ கிடைத்ததை வாங்கிச் சமைக்க வேண்டும். அந்த நாட்களில் நெய்மீன் (வஞ்சிரம்) என்று பலகை எழுதி வைத்தால் அது பெரும்பாலும் ஐஸ் பெட்டி மீனாகத்தான் இருக்கும்.

ஒவ்வாமையைப் பற்றிக் கேட்கும்போது நம் சமையற்காரர்கள் நல்ல மனதோடு ‘ஒன்றும் இல்லை’ என்று சொல்லிவிடுகிறார்கள். கோதுமை ஆகாதவருக்குச் சாம்பாரும் ரசமும் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். கடையில் வாங்கும் கூட்டுப்பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். பாலும் நெய்யும் சாப்பிடாதவருக்குப் பருப்பின் மேல் விடும் நெய், அவியலில் சேரும் தயிர், புளிசேரி மூன்றையும் சொல்லிவிட வேண்டும். அவியலுக்குத் தயிருக்குப் பதில் மாங்காய் போட்டாலே புளிப்பு வந்துவிடும். எள், நிலக்கடலை, முந்திரி, உலர்ந்த இறால் எதில் இருக்கின்றன என்று ஒவ்வொரு உணவகமும் ஒரு பட்டியல் எழுதி ஒட்டட்டும்.

இலைச் சாப்பாட்டின் வரிசையைப் படமாகப் போடுங்கள். பருப்பும் நெய்யும் பப்படமும், அப்புறம் சாம்பார், புளிசேரி, பாயசம், ரசம், மோர். பாயசம் நடுவில் வருவதால் சாப்பாடு முடிந்துவிட்டது என்று இலையை மடக்கி எழுந்துவிடுகிறார்கள். போளியைப் பாயசத்தில் நனைத்தும், மட்டிப்பழத்தையும் பப்படத்தையும் பாயசத்தோடு பிசைந்தும் சாப்பிடலாம் என்பது யாராவது சொன்னால்தானே தெரியும்.

கன்னியாகுமரி மட்டிப்பழத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விரல் நீளம், மெல்லிய தோல், நல்ல மணம். தோலில் கறும்புள்ளி விழுந்தபின்தான் ருசி. அழுகல் என்று நினைத்துப் பச்சை நிறத்தில் தேர்ந்தெடுக்கிறவரைக் கடைக்காரர் திருத்த வேண்டும். பழுத்தால் காம்பு விட்டு உதிரும், பயணப் பையில் தாங்காது, கடையிலேயே நின்று சாப்பிடுவது மேல். வடசேரி, கோட்டாறு பழக்கடைகளில் செவ்வாழை, ஏத்தன் (நேந்திரன்), ரசகதலி, துளுவன், பேயன் எல்லாம் குலையாகத் தொங்கும். இனத்துக்கு ஒன்றாகக் கேட்டால் பிய்த்துத் தருவார்கள். பெயர்களை எழுதித் தொங்கவிட்டால் அதுவே ஒரு கண்காட்சி.

ஏத்தங்காய் சிப்ஸ் போடுவதைக் கடை வாசலில் நின்று பார்க்கலாம். தோலுரித்த காயை மஞ்சள் தண்ணீரில் கறை போக்கி, கொதிக்கும் தேங்காயெண்ணெய்க்கு மேலேயே சீவிவிட்டு, பாதி வேக்காட்டில் உப்புத் தண்ணீர் தெளிப்பார்கள். எண்ணெய் சீறி அடங்கி, துண்டுகள் கலகலக்கும்போது அரித்தெடுப்பார்கள். காய் கொஞ்சம் பழுக்கத் தொடங்கியிருந்தாலும் இனித்துக் கருத்துவிடும். ஊருக்குக் கொண்டுபோகிறவருக்குச் சூட்டோடு பையில் கட்டிக் கொடுக்கக் கூடாது, ஆவி படிந்து மறுநாளே நமத்துப்போகும். முந்திரிக்கொத்து இன்னும் நல்ல வழித்துணை. வறுத்த சிறுபயறு மாவும் வெல்லப்பாகும் தேங்காயும் சேர்த்துப் பிடித்துப் பொரிப்பது, காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரம் தாங்கும். சாயங்கால டீக்கடைகளில் ரசவடை நாலு மணிக்கு மேல்.

பனங்காட்டு அக்கானி (பதநீர்) காலையில், கோடை மாதங்களில். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய இனிப்பான சாறு, போதை கிடையாது. இதைக் கள் என்று தவறாகச் சொல்லிக் கொடுப்பதால் வெளிநாட்டவர் சட்டச் சிக்கலுக்குப் பயப்படுகிறார்கள். கள் தமிழ்நாட்டில் தடை, களியக்காவிளை தாண்டினால் கேரளத்தில் உரிமம் பெற்ற கடைகள் உண்டு. இரண்டு வரியில் எழுதிவிடலாம். சிறு கடைகளில் அவர்கள் வங்கி அட்டை செல்லாது, நம் செல்போன் பணமும் பெரும்பாலும் அவர்களிடம் இருக்காது. பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாக மாற்றிக் கொடுக்க விடுதிகள் ஏற்பாடு செய்யட்டும்.

வடசேரியின் கோவில் நகைகளை வாங்குகிறவர், வெள்ளியின் எடையும் தங்கத்தகடா முலாமா என்பதும் ரசீதில் எழுதி வாங்க வேண்டும். கவரிங்கையும் இதையும் ஒரே பெயரில் விற்கும் கடைகள் இருப்பதால் உண்மையான பட்டறைக்காரர்கள்தான் அடிபடுகிறார்கள்.

விழாக்களில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். நவராத்திரிக்காகப் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் போகிறார்கள். அரண்மனையில் உடைவாள் கைமாறும். இரண்டு மாநில அதிகாரிகளும் நிற்பார்கள். முதல் இரவு குழித்துறை, மறு இரவு நெய்யாற்றின்கரை. எல்லையில் வாழும் நம் இரு மொழிக்காரர்களின் உறவை இதைவிட நன்றாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை. தேதி பஞ்சாங்கத்தைப் பொறுத்து மாறும் என்பதால் வெளிநாட்டவர் விமானச்சீட்டு எடுக்கும் நேரத்தில், அதாவது ஆறு மாதம் முன்பே, நாளையும் ஒவ்வொரு ஊருக்கும் வந்துசேரும் நேரத்தையும் வெளியிடுங்கள். தக்கலை பீர் முகம்மது அப்பா தர்காவில் அவர் பாடல்களை இரவு முழுவதும் ஓதும் நாளையும், டிசம்பர் 3இல் முடியும் கோட்டாறு சவேரியார் திருவிழாவையும், சுசீந்திரம் மார்கழித் தேரையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம். இசக்கியம்மன், சுடலைமாடன் கோவில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு கேட்க விரும்புகிறவர்களை ஊர்ப்பெரியவரிடம் கேட்டபின் அழைத்துப் போங்கள். அருள் வந்து ஆடுகிறவர் முகத்துக்கு நேரே கேமரா நீட்ட யாரையும் விடாதீர்கள். அது காட்சி அல்ல, வழிபாடு.

தாளின் முதல் வரைவை எழுதித் தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். ஒவ்வொரு நேரத்தையும் அந்தந்தக் கோவில், அரண்மனை, சந்தைப் பொறுப்பாளரிடம் நிர்வாகம் ஒருமுறை சரிபார்த்து, ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும், திருத்தி அச்சிட வேண்டும். பழைய தாள்களை அன்றே எடுத்துவிட ஒரு ஆளைப் பொறுப்பாக்குங்கள். தவறான நேரம் அச்சிட்ட தாள், தாள் இல்லாததைவிடக் கெடுதல்.